சுமையும் சுமந்தவரும் — ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படம் பற்றி ஓர் ஆய்வு

தொழிலாளரின் வாழ்க்கையைச் சொல்லும் கதைகளும் படங்களும் நம்மிடையே நிறைய உண்டு. ஆனால் அவர்களுடைய தொழிலைச் சொல்பவை குறைவு. கதாநாயகன் ஒரு மீனவன் என்று சொல்லிவிட்டு, அவன் வலை வீசுவதை ஒரே காட்சியில் காட்டி முடித்துவிடுவது எளிது. எந்தக் காற்றில் கடலில் இறங்கலாம், எந்தக் காற்றில் இறங்கக் கூடாது, எந்த மீனுக்கு வலையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும், கரைக்கு வந்தபின் கட்டுமரத்தை ஏன் பிரித்து உலர்த்த வேண்டும் என்பனவற்றை அறிந்து சொல்வது கடினம்.

விஞ்ஞானம் பயிலும் வாசகர்களுக்கு இந்த இரண்டாவது வகைப் படைப்பே பெரிதும் பயன்படும். கைத்தொழில் என்பது ஏட்டில் ஏறாத விஞ்ஞானம். பல தலைமுறைகளாகச் செய்து பார்த்து, தவறியதைத் தள்ளி, சரியானதைக் கைக்கொண்டு வந்த அறிவு அது. அதை அறிந்தவர் மறையும்போது அதுவும் மறைந்துவிடும். ஆகவே, ஒரு நாவலோ படமோ அதைச் சரியாகப் பதிவு செய்திருக்கிறதா என்று கேட்பது நம் கடமையாகும்.

இவ்வகையில் கடற்கரை பேறு பெற்றது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956இல் மலையாளத்தில் வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர்களையும் அடைந்தது. 1977இல் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ மணப்பாட்டு மீனவரின் வல்லங்களுக்கும் புதிதாக வந்த லாஞ்சுகளுக்கும் இடையே மூண்ட பகையைச் சொன்னது. 2004இல் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ கட்டுமர மீனவரின் தலைமுறைக் கதையை அவர்களுடைய சொற்களிலேயே தந்தது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் கடற்கரை மக்கள் இட்டிருக்கும் பெயர்கள் அந்நூலில் ஓர் அகராதிக்குப் போதுமான அளவில் உள்ளன.

நம் கடற்கரை மீனவர் கச்சான் என்று அழைப்பது மேற்கிலிருந்து வரும் காற்றை. கேரளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் வருகிற தென்மேற்குப் பருவக்காற்று அது. அந்தக் காற்று நடுவழியில் ஏறி இறங்குகிற மலை ஒன்று இருக்கிறதே, அதன் சரிவுகளில் உழைப்பவர்களைப் பற்றி நம் படைப்புகள் என்ன சொல்லியிருக்கின்றன? நெடுங்காலம் அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை. அக்குறையைப் போக்க வந்த படம்தான் லெனின் பாரதி இயக்கி, 2018 ஆகஸ்டில் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’.

படம் சொல்லும் கதை

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் ஆகிய ஊர்களுக்கு மேற்கே சுவர் போல நிற்பது ஏலமலை. அதன் உச்சியிலும் அப்பாலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கே ஏலத் தோட்டங்கள். இப்பால், அடிவாரத்தில், தோட்டங்களுக்கு ஆள் தரும் தமிழ்க் கிராமங்கள். மேலே விளையும் ஏலக்காய் மூட்டையை மலைப்பாதையில் கீழே சுமந்து வருபவன் ரங்கசாமி. அவனுடைய ஆசை ஒன்றே ஒன்று: சொந்தமாகக் கொஞ்சம் நிலம்.

பணம் சேர்த்து நிலம் வாங்கப் போகிறான். விற்பவர் குடும்பத்துத் தகராறில் பேரம் முறிகிறது. ஏலக்காயைத் தானே வாங்கி விற்றுப் பொருள் சேர்க்க முயல்கிறான். மூட்டை பள்ளத்தில் விழுந்து காய்கள் சிதறிப் போகின்றன. பிறகு ஒருவாறு நிலம் கிடைக்கிறது. ஈஸ்வரியோடு குடும்பமும் அமைகிறது. இதற்கிடையே மலைக்குச் சாலை வருகிறது. சுமைகாரர்களின் தேவை குறைகிறது. தோட்ட முதலாளிக்கும் தொழிலாளருக்கும் ஏற்பட்ட மோதல் கொலையில் முடிய, ரங்கசாமியும் சிறை செல்கிறான். திரும்பி வரும்போது விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் வளர்ந்திருக்கிறது. நிலம் கைவிட்டுப் போகிறது. முடிவில், தனக்குச் சொந்தமாக இருந்த அதே மண்ணில் எழுந்துள்ள காற்றாலைக்கு அவன் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான்.

ரங்கசாமியாக ஆண்டனியும் ஈஸ்வரியாக காயத்ரி கிருஷ்ணாவும் நடித்திருக்கின்றனர். உள்ளூர் மக்கள் பலரும் பங்கேற்றுள்ளனர். தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் மலையை அழகுப் பொருளாக ஆக்கிவிடாமல் வேலை செய்யும் இடமாகவே காட்டுகின்றன. விஜய் சேதுபதி இதைத் தயாரித்து, தாம் அதில் கதாநாயகனாக நடிக்காமல் விட்டது படத்துக்கு நன்மையாக முடிந்தது. பழக்கப்பட்ட நட்சத்திர முகம் இருந்திருந்தால் நாம் மூட்டையைப் பார்த்திருக்க மாட்டோம்.

கால்கள் அறிந்த கணக்கு

படத்தின் முதல் சிறப்பு, நடப்பதை அது பொறுமையாகக் காட்டுவதாகும். விடியுமுன் புறப்படுவது, வழியில் சந்திப்பவர், இளைப்பாறும் இடம், ஏற்றம், மறுபடி இறக்கம் என்று பாதையே ஒரு பாத்திரமாக இருக்கிறது. நோயுற்ற நிலையிலும் மூட்டையைப் பிறரிடம் தர மறுக்கும் முதிய சுமைகாரர் ஒருவர் வருகிறார். அவருக்கு அது வெறும் கூலி வேலை இல்லை என்பதைப் படம் உணர்த்துகிறது.

இந்த உழைப்பின் அளவைப் பள்ளியில் படித்த பௌதிகத்தைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். போடி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே போடிமெட்டு ஏறக்குறைய 1,400 மீட்டர். வேறுபாட்டை 1,000 மீட்டர் என்று கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் வெறுங்கையோடு ஏறினாலே, 60 × 9.8 × 1,000 = 5,88,000 ஜூல் வேலை செய்தாக வேண்டும். இது ஏறக்குறைய 140 கிலோ கலோரி. நம் தசைகள் தாம் எரிக்கும் சக்தியில் சுமார் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகிவிடும். ஆகவே ஏறி முடிக்க 560 கிலோ கலோரி செலவாகிறது. ஒரு வேளைச் சோறு இதற்கே சரியாகிவிடும்.

மூட்டையோடு இறங்குவதை எடுத்துக்கொள்வோம். இறக்கம் எளிது என்று பலர் எண்ணுவர். மூட்டை 50 கிலோ என்றால், மொத்தம் 110 கிலோ 1,000 மீட்டர் கீழே வருகிறது. 10,78,000 ஜூல் நிலைச்சக்தியை வழியெல்லாம் கால் தசைகள் தடுத்துத் தடுத்து வெப்பமாக மாற்ற வேண்டும். அவ்வாறு தடுக்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. தசைநார்களில் நுண்ணிய காயங்களை உண்டாக்குவது பெரும்பாலும் இவ்வகை வேலைதான். பழக்கமில்லாதவர் ஒருவர் மலையேறி இறங்கினால், மறுநாள் தொடை வலிப்பதற்கு ஏறியதைவிட இறங்கியதே காரணம். நாள்தோறும் இறங்குபவரின் முழங்கால் மூட்டு பல ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எனவே சுமைகாரர் அடியைச் சிறிதாக்குகிறார். முழங்காலைச் சற்று மடித்தே வைக்கிறார். மூட்டையின் எடை பாதத்துக்கு நேர் மேலே விழும்படி உடலை நிறுத்துகிறார். புவியீர்ப்பு மையம் என்ற சொல்லை அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. அதைத் தவறவிட்டால் பள்ளம் என்பது அவருக்குத் தெரியும். காமிரா இந்த நடையை அவசரப்படாமல் பின்தொடர்வதால், படம் நம் காலத்துத் தொழில் ஆவணங்களில் ஒன்றாகிறது.

படம் அதிகம் காணாத கைகள்

குறையும் உண்டு. படத்தின் கண் பெரும்பாலும் சுமைகாரரின் மேலேயே இருக்கிறது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி உருவாயிற்று என்பது போதிய அளவு சொல்லப்படவில்லை.

ஏலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. பெரிய மரங்களின் நிழலில், ஈரமான மலைச்சரிவில் வளர்வது. அதன் பூவும் காயும் செடியின் நுனியில் தோன்றுவதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், தரையை ஒட்டித் தோன்றுகின்றன. எனவே காய் எடுப்பவர் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ இருக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும். முற்றாத காயை எடுத்தால் உலர்ந்தபின் சுருங்கிப் போகும். அளவுக்கு மீறி முற்றினால் வெடித்துவிடும். ஒரு செடியில் இன்று எடுத்தால், மறுபடி அதே செடிக்கு ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்தே வரவேண்டும். இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிறத்தாலும் விரல் படும் உணர்வாலும் முற்றிய காயைத் தெரிந்தெடுக்கும் இவர்களுடைய வேலையை இன்றுவரை எந்த இயந்திரமும் சரிவரச் செய்ததில்லை.

அடுத்தது உலர்த்துவது. தோட்டங்களில் ‘ஸ்டோர்’ என்று அழைக்கப்படும் கட்டடத்தில் இது நடைபெறுகிறது. பறித்த காயில் ஐந்தில் நாலு பங்கு நீர். அதை நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு என்ற அளவுக்குக் குறைக்க வேண்டும். உஷ்ணநிலை 45 முதல் 55 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கலாம். கூடினால் பச்சையம் சிதைந்து காய் வெளுக்கும். மணம் தரும் எண்ணெயும் ஆவியாகும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். சந்தையில் காயின் விலையை நிர்ணயிப்பது பசுமையும் பருமனுமே. ஆகையால், ஓர் இரவு அடுப்பைக் கவனிப்பவர் கண் அயர்ந்தால் ஒரு பறிப்பின் விலையே போய்விடக்கூடும்.

இவ்வளவும் நடந்து, ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காய் 1 கிலோ ஏலக்காய் ஆகிறது. உலர்ந்த காய் ஒன்று 0.2 கிராம் என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ மூட்டைக்குள் இரண்டரை லட்சம் காய்கள்! ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் விரலால் தனித்தனியே தெரிந்தெடுக்கப்பட்டது. ரங்கசாமியின் மூட்டை பள்ளத்தில் சிதறும்போது நம் நெஞ்சு பதறுகிறது. அவனுடைய நிலம் போயிற்றே என்று பதறுகிறோம். அந்த இரண்டரை லட்சம் விரல்படுதல்களையும் படம் முன்பே நமக்குக் காட்டியிருந்தால், அந்தக் காட்சியின் கனம் இருமடங்காகியிருக்கும்.

தோட்டத்து மக்களின் அறிவு எவ்வளவு பெரிய பலன் தரும் என்பதற்கு ஒரு சான்று தரலாம். இன்று ஏலமலையில் பெரும் பரப்பில் பயிராகும் ‘ஞள்ளானி’ என்ற ரகத்தைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியவர் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி. நன்கு காய்க்கும் செடிகளைக் கண்டறிந்து, அவற்றின் தூர்களைப் பிரித்து நட்டு, பழைய ரகங்களைவிடப் பல மடங்கு விளைச்சல் கண்டார். ஆராய்ச்சிக்கூடம் அவருடைய தோட்டமேதான்.

தேயிலைக்குக் கம்பி, ஏலத்துக்குத் தோள்

மலைக்கு இயந்திரம் வருவதைப் படம் ஏறக்குறைய நம் காலத்துச் சம்பவமாகவே காட்டுகிறது. சரித்திரம் சற்று வேறானது. போடிக்கு மேற்கே உள்ள இந்த மலைக்கு இயந்திரம் வந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. மூணாறில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் மூலம் ‘டாப் ஸ்டேஷன்’ வரை வந்தது. அங்கிருந்து கம்பிகளில் தொங்கும் பெட்டிகளில் கீழே கொட்டகுடிக்கு இறங்கியது. பிறகு போடி வழியாகத் தூத்துக்குடி சென்று கப்பலேறியது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துச் சென்றது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில்பாதை வந்தது.

அப்படியிருக்க, ஏலக்காய் மட்டும் ஏன் மனிதத் தோளில் இறங்கியது? விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. தேயிலை பெரிய கம்பெனிகளின் சரக்கு. மொத்தமாக, ஓர் இடத்திலிருந்து, ஆண்டு முழுவதும் வருவது. கம்பிவழி அமைக்கும் செலவு அதற்குக் கட்டுபடியாயிற்று. ஏலத்தோட்டங்களோ சிறியவை, சரிவெங்கும் சிதறிக் கிடப்பவை. சரக்கின் எடை குறைவு, விலை அதிகம். ஒரு மூட்டையின் விலையில் சுமைகூலி மிகச் சிறிய பங்கு. மனிதனின் முழங்கால் மலிவாகக் கிடைத்தவரை அதற்கு மாற்றுத் தேட யாருக்கும் அவசரமில்லை.

இதைப் படம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏனெனில் சுமைகாரரின் தொழில், மலையின் இயற்கையால் மட்டும் நிலைத்த பழைய மரபு அன்று என்பது அப்போது விளங்கியிருக்கும்.

இயந்திரம் யார் கையில்?

சாலையும் இயந்திரமும் தொழிலாளியின் பிழைப்பைப் பறிக்கும் என்ற அச்சம் படம் முழுவதும் ஓடுகிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் ஒரு சங்கடம் உண்டு. சாலை இல்லாவிட்டால் பிரசவ வேதனையில் இருப்பவரையும் பாம்பு கடித்தவரையும் தோளில்தான் சுமக்க வேண்டும். தன் மகனும் 50 கிலோவைச் சுமந்துகொண்டு 1,000 மீட்டர் இறங்க வேண்டும் என்று எந்தத் தகப்பனும் விரும்பமாட்டான்.

இங்கே கடற்கரையின் அனுபவம் நமக்கு உதவும். மீன்பிடித் தொழிலில் இயந்திரம் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, பெரிய இழுவைப் படகாக வந்தது. அதை வாங்க மூலதனம் உள்ளவர்களிடம் மீன் போயிற்று; வல்லக்காரர் பின்தங்கினார். ‘கடல்புரத்தில்’ நாவல் சொல்லும் பகை இதன் விளைவே. மற்றொரு வழியில், கட்டுமரத்திலும் வல்லத்திலும் பொருத்தும் சிறிய மோட்டாராக வந்தது. அது துடுப்பு வலித்த தோளுக்கு ஓய்வு தந்தது. ஆனால் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த அதே மனிதர் அதே படகின் உடைமையாளராகவே இருந்தார். கட்டுமரத்துக்கேற்ற இலேசான மரம் அருகி வந்தபோது, 1980களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பிளைவுட் படகுகள் கட்டப்பட்டன. மீனவர்கள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல, அதற்கேற்ப வடிவம் திருத்தப்பட்டது. மோட்டார் வைத்த சிறு படகும் கடனும் எரிபொருள் செலவும் கொண்டு வந்தது உண்மைதான். ஆயினும் தொழில் தெரிந்தவரைத் தொழிலிலிருந்து துரத்தவில்லை.

சட்டமும் ஓரளவு துணை நின்றது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய குறிப்பிட்ட தொலைவு வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. அப்பரப்பு நாட்டுப் படகுகளுக்கு உரியது. இந்த விதி மீறப்படுவதாகப் புகார்கள் எழாத ஆண்டு இல்லை. எனினும், பாரம்பரியத் தொழிலாளிக்குக் கடலில் ஒரு பங்கு உண்டு என்று அது எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. மலைப்பாதையில் சுமந்தவருக்கு இதுபோன்ற ஒரு கோடு எங்கும் வரையப்படவில்லை.

சுமை ஒழிய வேண்டும். சுமந்தவர் ஒழியக் கூடாது. படம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். சாலை வந்தபின் அடிவாரத்து மக்களுக்கு நேர்ந்தது என்ன? தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறிச் செல்கிறார்கள், மாலையில் இறங்குகிறார்கள். ஜீப்புகள் கவிழ்ந்து உயிர் போவதும் உண்டு. போடியிலும் இடுக்கிப் பக்கத்திலும் ஏலக்காய் இன்று கம்ப்யூட்டர் மூலம் ஏலம் விடப்படுகிறது. சரக்கு நவீனமாகிவிட்டது, அதை எடுப்பவரின் பயணம் ஆகவில்லை.

ஒரே காற்று

படத்தின் இறுதிக் காட்சி பலராலும் பாராட்டப்பட்டது. காவலாளி ரங்கசாமியை விட்டுக் காமிரா மேலே மேலே எழும்புகிறது. அவன் புள்ளியாகிறான். காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. மனத்தை உலுக்கும் காட்சிதான். ஆனால் காற்றாலைகள் ஏதோ வேற்றுலகத்திலிருந்து வந்து இறங்கியவை போன்ற எண்ணத்தை அது தருகிறது. விஞ்ஞான மாணவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அவை ஏன் குறிப்பாக அங்கே வந்தன?

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகிறது. இடுக்கியின் பல இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஈரத்தை இழந்த காற்று, கணவாய்கள் வழியே நெருக்கப்பட்டு, வேகம் கூடிக் கிழக்கே இறங்குகிறது. ஆகவே தேனிச் சமவெளியில் மழை குறைவு, காற்று அதிகம். காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலிருந்து பெறக்கூடிய மின்சாரம் எட்டு மடங்காகும். கணவாயின் வாயருகே நிலம் தேடிக் காற்றாலைக்காரர்கள் வந்ததன் காரணம் இதுவே.

அதாவது, மலையின் மேலே ஏலத்தை வளர்ப்பதும் கீழே காற்றாலையைச் சுழற்றுவதும் ஒரே காற்று. மேலே அதன் பலனைத் தோளில் சுமந்தவனுக்குக் கிடைத்தது கூலி. கீழே அதன் பலன் கம்பியில் போகிறது. அவனுக்குக் கிடைத்தது காவல் சம்பளம். நிலத்தை விற்காமல் வாடகைக்கு விடவோ, மின்சார வருமானத்தில் பங்கு கேட்கவோ அவனுக்கு வழி இருந்திருந்தால், அதே காற்றாலை அவன் கனவுக்கு உதவியிருக்கும். காற்றாலை கரியும் எண்ணெயும் எரிக்காத நல்ல இயந்திரம். 2024 கோடை வறட்சியில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பெரும் சேதமடைந்ததைக் கண்டபின், பூமி சூடேறுவதைக் குறைக்கும் எந்தச் சாதனத்தையும் நாம் வெறுப்பதற்கில்லை. கேட்க வேண்டியது பங்கைப் பற்றித்தான். இறுதிக் காட்சி நம்மை அழவைக்கிறது. இந்தக் கேள்விவரை அழைத்துச் செல்லாமல் நின்றுவிடுகிறது.

எனினும்...

இத்தனை குறை சொன்னபின்னும், மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் இது என்பதில் எமக்கு ஐயமில்லை. கடற்கரைக்கு நாவல்கள் செய்ததை மலைச்சரிவுக்குச் செய்யத் தொடங்கிய படம் இது. மனித நடையை இவ்வளவு மதிப்போடு காட்டிய தமிழ்ப் படங்கள் மிகக் குறைவு.

படம் விட்ட இடத்தை நிரப்புவது வாசகர்களால் ஆகக்கூடியதே. போடி, குரங்கணி, தேவாரம், கம்பம் பகுதி மாணவர்களின் வீடுகளில் ஏலமூட்டை சுமந்த தாத்தாக்களும் காய் எடுத்த பாட்டிகளும் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாதை எந்த மாதத்தில் வழுக்கும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, முற்றிய காயை விரல் எப்படி அறிகிறது என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த மலையில் யாருக்கு என்ன பங்கு என்று நாளைக்கு ஒரு பேச்சு எழுந்தால், சுமந்தவரின் பக்கம் சாட்சி சொல்ல அந்த நோட்டு வேண்டியிருக்கும்.